கூண்டருகே ஓர் உலர்திராட்சை

ஜூன் நான்காம் நாள், சனிக்கிழமை. ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு சிற்றுயிர்களுக்கு நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் வெளியார் அல்லர், அவ்வீட்டாருள் ஒருவரே என்பதுதான் பொறுக்க முடியாத கொடுமை.

"யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது! எல்லாரும் கையை நீட்டுங்க!" என்று முழங்கினார் வீட்டுத் தலைவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சீட்டு வாங்காதவனை எத்தனை நெரிசலிலும் முகத்தைப் பார்த்தே பிடித்த அந்தக் கண்கள், இப்போது மனைவி, மகன், மருமகள் மூவரையும் வரிசையாகத் துளைத்தன.

அவருடைய உள்ளங்கையில் அந்த நஞ்சு இருந்தது. அஃது ஓர் உலர்ந்த திராட்சை.

சிரிக்க வேண்டா. கூண்டுக்குள் இருந்தவை டெகுக்கள்: எலியைவிடப் பெரியவை, அணிலைப் போல் துறுதுறுப்பானவை, வால்நுனியில் குஞ்சம் உடையவை. அவற்றின் உடல் சர்க்கரையைத் தாங்காது. இனிப்பு தொடர்ந்து உள்ளே போனால் நீரிழிவு வரும். கண்ணில் புரை விழும். மூன்று மாதங்களுக்கு முன் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மருமகள் இதனைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"இதுங்க நம்ம விரலை நக்கிட்டே இருக்கும், மாமா. நாம இனிப்பைத் தொட்டா அது நேரா இதுங்க வயித்துக்குத்தான் போகும்."

மனைவி எத்தனையோ ஆண்டுகள் கெஞ்சியும் டீயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைக்காத அம்மனிதர், அன்று மாலையே சர்க்கரை டப்பாவையும் ஜாம் பாட்டிலையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பூச்சிமருந்து படாத புல்லைத் தேடி நாள்தோறும் பூங்காவரை நடந்தார். தொடக்கத்தில் நொண்டி நொண்டித்தான் போனார். நெடுநாளாக ஆறாதிருந்த கால்புண் ஆறியபின் ஏறத்தாழ ஓடினார்.

"கேரட்டாவது குடுக்கலாமேப்பா?" என்று கேட்ட மகனையும் அவர் விடவில்லை. "கேரட்ல இனிப்பு இல்லையாடா? உனக்கு எவன்டா டிகிரி குடுத்தான்?"

அத்தகைய வீட்டில் திராட்சை!

"சத்தியமா நான் இல்லப்பா. நான் ஆபீஸ்லயே பிஸ்கட் தின்னுட்டு, வாயைக் கொப்புளிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வர்றேன்" என்று உளறினான் மகன்.

"பிஸ்கட்டா? உன்னை அப்புறம் வச்சுக்கிறேன். அடுத்தது யாரு?"

மனைவி கையை நீட்டவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நடத்துநர் அதனைப் பிடுங்கித் திறந்தார். உள்ளே கண்ணாடி இல்லை. கூடு நிறையத் திராட்சை.

"ஏங்க, மூணு மாசமா நாக்கு செத்துக் கிடக்குதுங்க! அதுங்களுக்கு நான் குடுக்கல. தின்னுட்டு இருக்கும்போது தும்மல் வந்துடுச்சு. ஒன்னு ரெண்டு சிதறிடுச்சு."

"ஒன்னா, ரெண்டா? சரியாச் சொல்லு!"

"தும்முறப்போ யாராவது கண்ணைத் திறந்து எண்ணிட்டு இருப்பாங்களா?"

அந்நேரம் பார்த்து, குண்டன் என்னும் பெரிய டெகு எதையோ மென்று முடித்துவிட்டு, முன்னங்கால்களால் மீசையைத் துடைத்தது. அதில் தெரிந்த மனநிறைவைக் கண்டதும் நடத்துநர் கூண்டை வாரி எடுத்தார்.

"தின்னுட்டான்டா! என் குண்டன் கண்ணு போச்சுடா! வண்டியை எடு!"

கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, வழிநெடுக மற்ற வண்டிகளைத் திட்டிக்கொண்டே விலங்கு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அவர் அங்கு வருவது அதுவே முதல்முறை. டாக்டரம்மா கூண்டைத் திறந்ததும், புதியவர் எவரைக் கண்டாலும் கடிக்கும் குண்டன், அந்த அம்மாவின் கைவழியே விறுவிறுவென ஏறித் தோளில் அமர்ந்து காதை முகர்ந்தது.

"பாத்தியா? டாக்டர்னா அதுக்கே ஒரு மரியாதை இருக்கு!" என்று, கலங்கிய கண்ணோடும் வியந்தார் நடத்துநர். மருமகள் சுவரிலிருந்த பூனைப் படத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா கண்களில் ஒளி பாய்ச்சிப் பார்த்தார், சிறுநீரையும் சோதித்தார்.

"கண்ணு பளிச்சுன்னு இருக்கு. சர்க்கரையும் இல்ல. ஒரு திராட்சையால ஒன்னும் ஆயிடாதுங்க, பழக்கமாத்தான் ஆகக் கூடாது. ஆசைக்கு ஏதாவது குடுக்கணும்னா, எப்பவாவது ஒரு பூசணி விதை, காய்ஞ்ச ரோஜா இதழ் ரெண்டு. மத்தபடி புல்லுதான்."

நடத்துநர் துள்ளினார். மனைவியை மன்னித்தார், பிஸ்கட்டையும் சேர்த்து மகனை மன்னித்தார். வரிசையில் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். அவருடைய நாயையும் விட்டுவைக்கவில்லை. "போலாம் ரைட்!" என்று மருத்துவமனையே அதிரக் கூவி, கூண்டை எடுத்துவரும்படி மருமகளிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினார். மனைவியும் மகனும் பின்னாலேயே ஓடினர்.

கதவு மூடியது. டாக்டரம்மா, தோளிலிருந்த குண்டனைத் தடவிக்கொண்டே மருமகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"உங்க மாமாவுக்குத்தான் சுகர் நல்லா இறங்கிடுச்சுன்னு சொன்னீங்களே, என் டெகு ரெண்டையும் எப்பம்மா திருப்பித் தருவீங்க? இன்னொரு வீட்டுல ஒரு மாமியார், மாத்திரையே வேணாம்னு கேக் தின்னுட்டு இருக்காங்க."

வாசகரே, புல் பறித்துக்கொண்டிருக்கும் அம்மனிதரைப் பூங்காவில் எங்கேனும் காண நேர்ந்தால், தாங்கள் இதுபற்றி மூச்சு விடக் கூடாது!