மாட்டுப் பட்டியலில் ஒரு நாய்

“இது மாடா சார்? நீங்களே பாருங்க” என்று கணினித் திரையை நிர்வாகி ஜெக்கரியாவின் பக்கம் திருப்பினான் அறிவுச்செல்வன்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் பால்காரர்கள் சேர்ந்து நடத்தும் மாட்டு ஆஸ்பத்திரி அது. அதற்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவன் அறிவு. காலையில் மாத அறிக்கை எடுக்கப்போனால், மென்பொருள் பாதியில் படுத்துவிட்டது.

முந்நூறு மாடுகளும் ஒழுங்காகக் கறவை சொல்லிக்கொண்டு வந்தன. அடுத்து நின்றது நாய். எத்தனை லிட்டர் என்று கேட்டால் பாவம், அது என்ன சொல்லும்?

எடை பதினொரு கிலோ. காலில் தையல். உரிமையாளர், சித்தீக்.

பதிவு போட்டு மருந்து எடுத்துக் கொடுக்கும் சித்தீக்கைக் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருஷமாக அங்கே இருப்பவர்.

“நீங்க எப்ப நாய் வளர்க்க ஆரம்பிச்சீங்க?” என்றார் ஜெக்கரியா.

சித்தீக் ஒருமுறை அறிவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தம் கொட்டியது, பதிவு இல்லாமல் மருந்து எடுக்க முடியாது, கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது, போட்டுவிட்டேன் என்றார்.

“புரோகிராம்ல ஏதும் கோளாறு இருக்குமா தம்பி?” என்று அறிவைக் கேட்டார் ஜெக்கரியா.

நாளைக்கு ஆடு, நாய் எது வந்தாலும் ஆகட்டும் என்று பதிவுப் பகுதியை எல்லா மிருகத்துக்கும் பொதுவாக எழுதியவன் அறிவு. மாடு மிருகம்தான், அதற்காக மாட்டுப் பட்டியல் மிருகப் பட்டியல் ஆகிவிடாது, அதில் எவனாவது நாயைப் போடுவான் என்று, எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலர் அன்றே தகராறு செய்தது. அவசரத்தில் ஒரே வரியில் அதன் வாயை அடைத்தவனும் அவன்தான். அதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

“புரோகிராம் சரியாத்தான் சார் இருக்கு. போடுறவங்க பார்த்துப் போடணும்.”

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சித்தீக்கிடம் சொல்லிவிட்டார் ஜெக்கரியா. சித்தீக் மருந்து அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் அறிவு, சனிக்கிழமை என்பதால் அப்படியே கிராமத்து வீட்டுக்குப் போனான். வாசலில் வீட்டு நாய் மணி நொண்டிக்கொண்டே வந்து அவன் காலை நக்கியது. பின்னங்காலில் தையல்.

“இதுக்கு என்னம்மா ஆச்சு?”

“டிராக்டர் ஏறிருச்சுப்பா” என்றாள் மலர்க்கொடி. “உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டு ஓடினேன். மாட்டுக்கு மட்டுந்தான்னு சித்தீக் அண்ணன் தயங்குனாரு. எம்மவன் செஞ்சது, எந்த மிருகத்தப் போட்டாலும் ஏத்துக்கும்னு அவனே சொல்லிருக்கான்னு நான்தான் அழுது அடம் புடிச்சேன்.”

அறிவு குனிந்து மணியின் தையலைப் பார்த்தான்.

“அம்மா பேருல நாய் ஏறுனா தம்பிக்குக் கெட்ட பேராயிரும்னு தன் பேரையே போட்டுக்கிட்டாருப்பா. ஒரு வாரமா தெனம் சாயங்காலம் போன் பண்ணி, கால் எப்படி இருக்குன்னு கேக்குறாரு. என்னமோ தெரியல, இன்னிக்கு மட்டும் இன்னும் கூப்பிடல.”