பச்சோந்திக்கு என்ன நோய்?

“நாலஞ்சு நாளா ஒண்ணும் தின்னல டாக்டர். உடம்பெல்லாம் கறுத்துப்போச்சு. பூந்தொட்டி மண்ணைப் பறிச்சுக்கிட்டே இருக்கு.” ஸொஹ்ரா பச்சோந்திக் கூடையை மேசைமேல் வைத்தாள்.

மொராக்கோவின் ஃபெஸ் நகரக் கால்நடை மருத்துவர் இத்ரீஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோயெல்லாம் இல்லம்மா. இந்த நேரத்துல இப்படித்தான் இருக்கும்.”

“நல்லாப் பாருங்க. ஒரு சின்ன நோய்கூடவா இல்ல?”

“வளர்க்கிற பிராணிக்கு நோய் இல்லைன்னா சந்தோஷப்படணும். நீ ஏன் அழற?”

“எனக்குக் கண்ணேறு பட்டதாலதான் பிள்ளை இல்லையாம். அது கழிய இதை இன்னிக்கு உயிரோட நெருப்புல போடணும்னு மாமியார் வாங்கி வெச்சிருக்காங்க. பூச்சி பிடிச்சு ஊட்டினது நான். நோய் கண்டது கழிப்புக்கு ஆகாதாம். அதான் ஓடி வந்தேன்.”

இத்ரீஸ் சிரித்தார். “நான் இன்னும் முடிக்கலியே.”

அவள் வீடு திரும்பியபோது கணப்புச் சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது.

“என்னவாம்?” என்றாள் மாமியார்.

“நோய் இல்லையாம், அத்தை. வயித்துல முட்டையாம். அதுக்குத்தான் குழி தோண்டுதாம்.”

மாமியார் கூடைக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் கணப்பில் கொட்டினாள்.

“பிள்ளைத்தாச்சியை எரிச்சிட்டு, அல்லாகிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடி பேரன் கேட்பேன்?”