பேர் தேடிய செடி

குண்டசாலையில் அழகமுத்துவின் வாசலில் தானாக ஒரு செடி முளைத்தது. "பேர் தெரியாதத வச்சிருக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை பிடுங்கிருவேன்," என்றாள் மனைவி வடிவம்மா. அவருக்கோ பிடுங்க மனமில்லை. செடிகளுக்குப் பேர் சொல்லும் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்.

"பூவக் காட்டுங்கண்ணே," என்றாள் நாவலப்பிட்டி பிரேமிளா. மறுநாள் பூத்திருந்தது.

"காய்?" மறுநாள் காய்த்திருந்தது.

"வேர்?" விடிந்தபோது செடி வேரைக் கழுவிக்கொண்டு வாசற்படியில் படுத்திருந்தது. படம் எடுத்தபின் திரும்ப நட்டார்.

"படத்துல புரியலண்ணே. நேர்ல பார்த்தாச் சொல்லிருவேன்."

வெள்ளிக்கிழமை காலையில் குழி மட்டும் இருந்தது.

"நீயா பிடுங்குன?"

"நான் இன்னும் பல்லே விளக்கல," என்றாள் வடிவம்மா.

பிரேமிளாவின் அழைப்பு வந்தது. "யார்கிட்டண்ணே செடியக் குடுத்து விட்டீங்க? ஆளக் காணோம். எங்க வாசல்ல தனியா நிக்குது. வேரெல்லாம் ஒரே சேறு."