லேயாளின் மகன்

யூதர்கள் நோயாளிக்காக வேண்டும்போது, இன்ன தாயின் பிள்ளை என்றுதான் கடவுளிடம் சொல்வார்கள். அப்பன் பெயர் அங்கே செல்லாது. அந்த ஊரில் மிஞ்சியிருந்த யூதர் எஸ்றா ஒருவர்தான். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அவருக்காக வேண்ட யாருமில்லை. பக்கத்துக் கட்டிலில், சாலையில் விலாவில் அடிபட்டுக் கிடந்தவனென்று எவனையோ கொண்டுவந்து போட்டார்கள். "உங்கம்மா பேரென்ன தம்பி?" என்று எஸ்றா கேட்டார். "அம்மா... அம்மா..." என்றுதான் அவன் முனகினான். தாய் பெயர் தெரியாமல் இவனுக்காக எப்படி வேண்டுவதென்று எஸ்றா தவித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "லேயாளின் மகனைக் குணமாக்கும்" என்றார். லேயாள் அவரைப் பெற்றவள். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. சொல்லி முடித்ததும், அடிபட்டது தன் விலாவில்தான் என்பதுபோல ஒரு வலி கிளம்பியது. அவர் அதைத் தடவிக்கொள்ளவில்லை. விடிந்ததும் அவனை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எஸ்றா எழுந்து, ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். கதவருகே நர்ஸ் மறித்தாள். "சொந்தக்காரங்க மட்டுந்தான் வரலாம் ஐயா. நீங்க இவருக்கு என்ன வேணும்?" எஸ்றா கம்பியை விடவில்லை. "நாங்க ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கம்மா" என்றார்.