போதும்மாவின் அலமாரி

வெல்டர் தன் மனைவியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அலமாரிக் கண்ணாடியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கண்ணாடி முன்னால் நின்று புடவையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். அவர் கதவோரம் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்காவது ஆராதனைக்கு வரலாமில்ல?"

"கட்டில் வந்துடட்டும். அப்புறம் வாராவாரம் உன்கூடதான்."

"இருக்கிற கட்டிலுக்கு என்ன குறை?"

"புரண்டு படுத்தா கிறீச் கிறீச்சுங்குது."

"இத்தனை வருஷம் நம்மகூட இருந்திருக்கு. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகட்டுமே."

கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

கோயிலில் இரண்டாம் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவள் மட்டும் எழவில்லை.

சபையில் அவளுக்குப் 'போதும்மா' என்றே பெயர். சாட்சி சொல்ல எழுந்தால் மற்றவர்கள் வீடு, வேலை, மாப்பிள்ளை என்று நீட்டி முழக்குவார்கள். அவள், "ஆண்டவர் கொடுத்தது எனக்குப் போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். ஆயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் அவள் சாட்சி முடிந்திருக்கும்.

அந்தப் பெயரில் வெல்டருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அலமாரி வீட்டுக்கு வருவதற்கு முன்பு, அவருடைய தங்கை ஒருநாள் வந்து அதில் ஊசியை ஏற்றினாள்.

"அண்ணா, சொன்னா கோவிச்சுக்காதே. அண்ணி கோயில்ல போதும் போதும்கிறாங்க. உன் பட்டறைக்கு எதிர்ல இருக்கே மரச்சாமான் கடை, அங்கே போய் அவங்க நிக்கிற நிலையைப் பாரு."

"சாப்பாடு கொண்டு வர்றவ. ரெண்டு நிமிஷம் நின்னா என்ன?"

"ரெண்டு நிமிஷமா? கால் மணி நேரம். ஆளுயரக் கண்ணாடி வச்ச அலமாரி ஒண்ணு இருக்கே, அது முன்னாடி. வாய்தான் போதும்னு சொல்லுது, அண்ணா. கண்ணு சொல்லலை."

மறுநாள் மதியம் அவர் கவனித்தார். அவள் டிபன் கேரியரை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். கடைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து, முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். அவளுடைய முதுகு அப்படியே இருந்தது. இன்னும் இரண்டு கம்பி. அப்போதும் அசையவில்லை.

'பாவி மனுஷி, வாயைத் திறந்து கேட்க மாட்டாளே' என்று நினைத்தார். கோபம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "வெல்டிங் வெளிச்சத்தை நேராப் பார்க்காதே, கண்ணு கெட்டுப்போயிடும்." வாங்கிக் கொடுத்தது என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் பட்டறைக்குப் போனார். "ஏன்?" என்று அவள் கேட்டபோது, "அவசர வேலை" என்றார். அவசரம் இரண்டு வருஷம் நீடித்தது. கோயிலில் அவள் பக்கத்தில் அவருடைய இடம் அத்தனை நாளும் காலியாகவே கிடந்தது. அதில் யாரையும் அவள் உட்கார விடவில்லை.

அலமாரி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று அவள் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப, கடையில அந்த இடம் இனிமே காலியா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்ததுக்கு இப்போதே அடி போடுகிறாள் என்று நினைத்தார். அலமாரிக்குத் தோதாக, அதே மரத்தில், ஒரு கட்டிலை எடுத்து வைக்கச் சொன்னார். ஞாயிறு வேலை தொடர்ந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம், கட்டில் வேண்டாம் என்று சொல்ல அந்தக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் எழுந்து நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அலமாரி போனதுக்கப்புறம் அக்கா ஒரு தடவை உள்ளே வந்தாங்க, அண்ணே. அந்த இடத்துல வேற கண்ணாடி ஏதாவது வைக்க முடியுமா, தம்பின்னு கேட்டாங்க."

"அதையும் வாங்கறதுக்கா?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். ஐயோ, அலமாரியே எனக்கு எதுக்குன்னாங்க."

"பின்னே, தினமும் அதைத்தானே பார்த்துக்கிட்டு நின்னா?"

கடைக்காரர் அவரைத் தோளில் தொட்டு, அந்த அலமாரி இருந்த இடத்தை நோக்கித் திருப்பினார். அங்கே இப்போது ஒரு சின்னக் கண்ணாடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்குள் தெரு தெரிந்தது. தெருவுக்கு அப்பால் பட்டறை தெரிந்தது. அவர் குந்தி உட்கார்ந்து வேலை செய்கிற இடம் நட்டநடுவில் தெரிந்தது.

"வெல்டிங் வெளிச்சத்தை நேராப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களாமே. அதனால அந்த அலமாரிக் கண்ணாடியிலதான் உங்களைப் பார்ப்பாங்களாம். பார்த்து, ஒரு ஸ்தோத்திரம் சொல்லிட்டுப் போவாங்களாம். சரி அக்கா, தேடி வைக்கிறேன்னேன். அவங்க தவறின மறுநாள்தான் இது கிடைச்சுது."

வெல்டர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போவதில்லை. கோயிலில் தன் இடத்தில் உட்காருகிறார். பக்கத்து இடம் காலியாக இருக்கிறது.

அலமாரி வீட்டில் அதே சுவரோரம் நிற்கிறது. அதில் ஐந்து தட்டுகள். அவளுடைய நான்கு புடவைகளும் ஒரே தட்டில் அடங்கிவிட்டன.