தியாகி மகன்

“சரக்கு கப்பலேற இன்னும் சரியா ஒம்பது நாள்தான் இருக்குது மாரப்பா. இப்பப் போயி இப்படிப் பண்ணி வெச்சிருக்கறயே” என்றார் முதலாளி சென்னியப்பன்.

பிரிண்டிங் டேபிளின் மேல் வெட்டிய பனியன் துணி கிடந்தது. அதில் சிவப்பும் நீலமுமாக பிரிட்டிஷ் கொடி. ராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது வருடம் ஆகிறதாம். அந்தக் கொண்டாட்டத்துக்கு எட்டாயிரம் டி-ஷர்ட் ஆர்டர்.

அறுநூறு பீஸ் அடித்த பிறகுதான் லண்டனிலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த கிரஹாம் குனிந்து பார்த்தார். சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கொடி தலைகீழாக இருக்கிறது என்றார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது” என்றார் சென்னியப்பன்.

“இல்லீங்கப்பா. இந்த மூலையில அகல வெள்ளைப் பட்டை மேல வரோணும். நம்மளுதுல கீழ வந்திருக்குது” என்றான் மகன் வேல்குமார். கம்பெனியில் இங்கிலீஷ் பேசுவது அவன் பொறுப்பு.

“பிலிமைத் திருப்பி வெச்சு ஸ்கிரீன் எடுத்துப்போட்டனுங்க” என்றார் மாரப்பன். “எழுத்து ஏதாச்சும் இருந்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். வெறும் பட்டைங்களா, தெரியலீங்க.”

“இருவது வருசமா பிரிண்டிங் மாஸ்டரு. உனக்குத் தெரியலியா?”

“தெரியாமத்தானுங்க நடந்துபோச்சு.”

கிரஹாம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். வேல்குமார் தயங்கினான்.

“வேணும்னே பண்ணுனதான்னு கேக்கறாருங்கப்பா. தவறிப்போய் நடந்திருந்தா மறுபடி அடிச்சுக் குடுத்தாப் போதுமாம். வேணும்னே பண்ணியிருந்தா ஆர்டரை இங்கயே நிறுத்திக்கறாராம்.”

சென்னியப்பன் நெற்றியைத் தடவிக்கொண்டார். தப்பு அவருடையதுதான். காலையில் காபி கொடுக்கும்போது மாரப்பனின் தோளில் கை போட்டு, பெருமையாக அறிமுகம் செய்துவைத்தவர் அவரே. ‘இவரோட அப்பா கருப்புசாமி, உங்க துரை பங்களாவுல காவல்காரர். நாப்பத்திரண்டு ஆகஸ்ட்ல உங்க கொடியத் தலைகீழா ஏத்திட்டு எட்டு மாசம் ஜெயில்ல இருந்தவர்.’ வேல்குமார் அதை ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் சொன்னான். அப்போது கிரஹாம் சிரித்தார்.

மாரப்பன் வீட்டுச் சுவரில், அப்பாவுக்குத் தியாகி என்று சர்க்கார் கொடுத்த தாமிரப் பட்டயம் தொங்குகிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் கம்பெனியில் கொடி ஏற்றுவதும் மாரப்பன்தான்.

தையல் மிஷினிலிருந்து ராக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி.

“அப்பா ஒரு கொடிதான். மகன் அறுநூறு கொடி. தியாகி மகன்லா, சும்மாவா அண்ணாச்சி?”

நான்கு பெண்கள் சிரித்தார்கள்.

“நீ சும்மா இரு புள்ள. ஆர்டர் போச்சுன்னா நூத்திநாப்பது பேரும் ஊட்டுக்குத்தான் போகோணும்” என்றார் மாரப்பன்.

சென்னியப்பன் அவரை ஓரமாக இழுத்தார். “அவங்கிட்ட என்னமோ சொல்லிச் சமாளிச்சுக்கலாம். எங்கிட்டயாவது நெசத்தைச் சொல்லு. வேணும்னுதானே பண்ணுனே?”

கோபம் போய், அந்தக் கேள்வியில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“இல்லீங்க முதலாளி. தெரியாமத்தானுங்க.”

“எப்படிய்யா நம்பறது? உங்கப்பன் மகனாச்சே நீயி.”

மாரப்பன் பழந்துணியில் கையைத் துடைத்தார். துடைத்தும் நீலம் போகவில்லை. பிறகு வேல்குமாரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், காதில் ஏதோ சொன்னார்.

வேல்குமாரின் கண்கள் விரிந்தன. “நெசமாவாண்ணா?”

“அவருகிட்ட மட்டும் சொல்லுங்க தம்பி. உங்க அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.”

வேல்குமார் போய் இங்கிலீஷில் சொன்னான். கிரஹாம் மாரப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவருடைய தோள்கள் குலுங்கின. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். மாரப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய விரல்களிலும் நீலச் சாயம் ஒட்டிக்கொண்டது. மறுபடி அடித்தால் போதும், தேதியில் மாற்றமில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இளநீர் குடிக்க வெளியே போனார்.

மாரப்பன் உடனே புது ஸ்கிரீனை எடுத்தார். பிலிமை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, ஒரு மூலையில் ‘மேல்’ என்று எழுதிக்கொண்டார்.

சென்னியப்பன் விடவில்லை. “அரை மணி நேரமா அந்தாளு சந்தேகமாவே பாத்துட்டு இருந்தான். நீ ஒரு வார்த்தை சொன்னே, கையக் குடுத்துட்டுப் போறான். அப்படி என்னதான் சொன்னே?”

“வேண்டாமுங்க. அப்பறம் ஆகஸ்ட்டுக்கு என்னையக் கொடியேத்தக் கூப்பிட மாட்டீங்க.”

“கூப்பிடறேன். சென்னிமலையான் மேல சத்தியம். சொல்லு.”

மாரப்பன் மெதுவாகச் சொன்னார். தையல் மிஷின்களின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லுய்யா.”

மாரப்பன் மூச்சை இழுத்துக்கொண்டு, முதலாளியின் காதருகே வாயை வைத்துக் கத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மிஷின்கள் மொத்தமும் ஒன்றாக நிற்க, மாரப்பனின் குரல் மட்டும் ஹால் முழுக்கக் கேட்டது.

“எங்கப்பனும் தெரியாமத்தானுங்க தலைகீழாக் கட்டுனாரு. அன்னைக்கு வெள்ளைக்காரனும் நம்பல, அதுக்கப்பறம் நம்மாளுகளும் நம்பலீங்க.”