பச்சை எரிந்தால் பயமில்லை

கூடத்துச் சுவரில் கிளம்பிய விரிசல், விரிசலைத் தடுக்கச் சுவர்ப் பலகைக்குள் பதித்திருந்த பட்டை வரை வந்து நின்றிருந்தது. பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது.

"பட்டை பிடிச்சிடுச்சு மேடம். பச்சை எரிஞ்சா இனி ஒரு நூல்கூட நகராது," என்றார் பில்டிங்கைக் கட்டிய கம்பெனியிலிருந்து வந்த இருதயராஜ்.

வசுமதிக்கு நம்பிக்கை வரவில்லை. "எங்க வீட்ல மட்டும்தானா?"

"ஆமா. பில்டிங்ல வேற யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே."

அவர் போன பிறகும் அந்தப் பதில் உறுத்தியது. அவளே நாலு மாதமாகச் சொல்லவில்லை. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாது என்று, விரிசலையும் விளக்கையும் மறைத்துத் தினசரிக் காலண்டரை மாட்டியிருந்தாள்.

அசோசியேஷன் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற சாக்கில் மேல் வீட்டுக்குப் போனாள். அதே சுவரில், அதே உயரத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. தாளின் ஓரத்தில் பச்சை கசிந்தது. அதற்கு மேல் வீட்டிலும் காலண்டர். ஏழாம் மாடியிலும் எட்டாம் மாடியிலும் அப்படியே. எல்லோரும் சிரித்த முகமாகக் காப்பி சாப்பிடச் சொன்னார்கள். யாரும் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

ஒன்பதாம் மாடியில் மட்டும் காலண்டர் இல்லை. அங்கே அந்தச் சுவரை மறைத்துப் பீரோவை இழுத்துப் போட்டிருந்தார்கள்.